அக்காவின் பெயரில் நான்கு ஆண்டுகள்

கும்மிடிப்பூண்டி
3 பிப்ரவரி 2025, திங்கள்

அக்கா,

போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்து மூன்று மாதம் ஆகிறது. அதனால்தான் தபால். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். இரண்டாவது பக்கம் வரைக்குமாவது பொறுத்துக்கொள். நான் சமாதானம் பேச வரவில்லை. எனக்கு ஒரு காகிதம் வேண்டும்.

எந்தக் காகிதம் என்று உனக்கே தெரியும். காண்ட்ராக்டர் ராஜவேலு ஆபீசிலிருந்து உன் மாமியார் வீட்டுக்குப் போன அனுபவச் சான்றிதழ். 'ஹேமாவதி என்பவர் ஜூன் 2018 முதல் ஆகஸ்ட் 2022 வரை வார்ப்புப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிந்தார்' என்று இருக்குமே, அது. கேட்டு வாங்கியவள் நான். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு உன் ஆதாரில் மாறிய முகவரியைப் பார்த்து, பொன்னேரி பக்கத்தில் இருக்கிற ஆரணிக்கு அனுப்பிவிட்டார்கள். என் கைக்கு வந்திருந்தால் நமக்குள் சண்டையே இல்லை. உன் மாமியார் பிரித்து மகனிடம், அதாவது மாமாவிடம், படிக்கக் கொடுத்ததும், "காலேஜ்ல படிச்சான்னு சொன்னாங்க, கம்பெனில டோக்கன் போட்டுக்கினு இருந்தாளா?" என்று கேட்டதும், நீ எனக்குப் போன் போட்டுக் கத்தியதும், "என் காலை மிதிச்சிதான நீ பட்டம் வாங்கின" என்று நான் திருப்பிச் சொன்னதும் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் வாபஸ் வாங்க மனசு வரவில்லை. அது அப்படியே கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது. அங்கே கேமரா இரும்பு வார்ப்புகளைப் படம் பிடித்து அனுப்பும். நாம் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து, எது நல்லது, எது கழிவு என்று குறிக்க வேண்டும். உட்கார்ந்து, அக்கா. அந்த வார்த்தையை இன்னொரு தடவை படி. என் கால் அரைமணி நேரத்துக்கு மேல் என்னை நிற்க விடுவதில்லை. ஜோஷ்வா அண்ணன் பிரவுசிங் கடையில் இப்போது பார்க்கும் ஜெராக்ஸ் வேலைக்கே ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். இப்போது அவர்தான் பழைய லேப்டாப் ஒன்றைத் தருகிறேன் என்றிருக்கிறார். கூப்பிட்டால் இன்டர்வியூவும் அதிலேயேதான், வீடியோவில். வருகிற 21, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி.

இப்போது நீ கோபப்படப் போகும் இடம். விண்ணப்பத்தில் பெயர் என்று கேட்ட இடத்தில் உன் பெயரைப் போட்டுவிட்டேன். கை தவறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருட அனுபவம் காட்டினால்தான் அந்தப் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகிறது. என் அனுபவம் உன் பெயரில் இருக்கிறது. எனக்குப் பதினாறு வயது, பதினெட்டு ஆகாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள் என்று நைனா உன் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து, "ரெண்டும் ஒரே ஜாடைதான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். பதினெட்டு ஆனதும் என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி ராஜவேலுவிடம் போனேன். "பேர மாத்துனா நீ புது ஆளு. மொதல்லேர்ந்து வரணும், பரவால்லியா?" என்றார். அப்போது நீ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். நான் திரும்பி வந்துவிட்டேன்.

துர்காதேவிக்கு வேலை தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் அதை அனுப்பு.

துர்கா


ஆரணி
7 பிப்ரவரி 2025

துர்கா,

கிழிக்கவில்லை. தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார், அது உன் அதிர்ஷ்டம்.

சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தர மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். அன்று அத்தை கேட்டதும் 'யாரோ பேர் மாற்றி அனுப்பிவிட்டார்கள்' என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பினாரா, நம்பியது போல இருந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நான் தட்டு வைக்கும்போதுகூட சத்தம் வராமல் வைக்கிறேன். இந்த நேரத்தில் நீ மறுபடி என் பெயரை எடுத்திருக்கிறாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

முதல் தடவையும் என்னை யாரும் கேட்கவில்லை. நீ வேலைக்குப் போனது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைவிருக்கிறதா? ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடப் பை இல்லாமல் சாப்பாட்டு டப்பாவோடு நீ கிளம்பினாய். "எங்கடி போற?" என்றேன். நைனா, "நீ உன் வேலையப் பாரு" என்றார். நான் என் வேலையைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த குற்றம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் காலை நான் மிதித்தேன் என்று சொல்லாதே. அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொன்னேரி காலேஜில் மூன்று வருஷம் படித்துவிட்டு நான் என்ன கிழித்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒன்றும் இல்லை. பட்டமும் அந்தப் புடவைக்கு அடியில்தான் இருக்கிறது.

விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு.

ஹேமாவதி

பின்குறிப்பு: எங்கேயாவது இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தால், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டதும் அப்பா பெயர், ஊர் பெயர் என்று ஆரம்பிக்காதே. செய்த வேலையிலிருந்து ஆரம்பி. வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. காலேஜில் ஒரு வாரம் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கால் எப்படி இருக்கிறது?


கும்மிடிப்பூண்டி
10 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தில் பின்குறிப்பை மட்டும் நான்கு தடவை படித்தேன். கால் அப்படியேதான் இருக்கிறது.

விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாம் என்றுதான் கடையில் உட்கார்ந்தேன். அதற்குள் அவர்களிடமிருந்து அடுத்த மெயில் வந்துவிட்டது. எழுநூறு பேர் போட்டதில் முப்பது பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஜோஷ்வா அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். எனக்கு வாபஸ் வாங்கக் கை போகவில்லை.

அண்ணன் உடனே ஒத்திகை வைத்துவிட்டார். அவர் உள் அறையில் கம்பெனிக்காரர், நான் வெளியே. திரையில் அவர் முகம் வந்து "வணக்கம்" என்றதும் நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் வந்தால் எழுந்து பழகிய உடம்பு, மூளையைக் கேட்பதில்லை. "இன்னாமா, உன் வயித்தையா நான் இன்டர்வியூ எடுக்கறது? உக்காரு!" என்று கத்தினார். இரண்டாவது தடவையும் எழுந்தேன். மூன்றாவது தடவை துப்பட்டாவால் என்னை நாற்காலியோடு கட்டிவிட்டார்.

ஆனால் அந்த மெயிலில் ஒரு வரி இருக்கிறது. ஆரம்பத்திலேயே ஆதார் அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டும். அட்டையில் இருப்பது உன் முகம். ஒரே ஜாடை என்று கேட்டில் சொல்லிக் கடந்துவிடலாம், இவர்களிடம் முடியாது.

அதனால் இதைக் கேட்கிறேன். நீ உட்கார். அரைமணி நேரம்தான். பெயர் உன்னுடையது, அட்டை உன்னுடையது, சான்றிதழில் இருப்பது நீ. வேலையை மட்டும் நான் சொல்லித் தருகிறேன். கிடைத்தால் பிறகு வேலையை நான் செய்துகொள்கிறேன். யாருக்குத் தெரியப் போகிறது?

வார்ப்பில் முக்கியமாக மூன்று குறை வரும். ஒன்று ப்ளோ ஹோல், அதாவது உள்ளே காற்று மாட்டி வந்த குழி. இரண்டாவது மணல் ஒட்டிக்கொண்டது, சொரசொரப்பாகத் தெரியும். மூன்றாவது விரிசல், இதுதான் ஏமாற்றும். விரிசல் நேராகப் போகாது, நடுங்கிக்கொண்டே போகும். நேராக இருந்தால் அது வெறும் கீறல், பாஸ் போடு. பார்க்கும்போது வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். குழிக்கு ஓரம் உண்டு: ஒரு பக்கம் நிழல், எதிர்ப் பக்கம் பளபளப்பு. எண்ணெய்க் கறைக்கு ஓரம் கிடையாது, கறுப்பாக மட்டும் இருக்கும். புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் எண்ணெய்க் கறையைக் குழி என்று தள்ளிவிட்டு ஏச்சு வாங்குவார்கள். முதல் வாரம் நானும் வாங்கினேன்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அப்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டால் கண் தெளியும். இது இன்டர்வியூவுக்குத் தேவையில்லை. எழுத வந்துவிட்டது.

பதில் போடு. முடியாது என்றாலும் போடு.

துர்கா


ஆரணி
14 பிப்ரவரி 2025

துர்கா,

முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் அத்தையின் இரும்புச் சட்டியை எடுத்து ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. ஒரு பக்கம் நிழல், எதிர்ப் பக்கம் பளபளப்பு. மூன்று வருஷமாக அதில்தான் குழம்பு தாளிக்கிறேன், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. அத்தை பார்த்துவிட்டு, "இன்னா ஹேமா, சட்டிக்கு ஜோசியம் பாக்கறியா?" என்றார். வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அதற்குப் பழகுகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

உட்காருகிறேன். ஆனால் இது ஒரு தடவைதான், அந்த அரைமணி நேரத்துக்குத்தான்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், மறுபடி ஆரம்பித்துவிடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

கேள்விகள்: கழிவு என்று தள்ளியதை என்ன செய்வீர்கள்? ஒரு ஷிப்டில் எத்தனை பார்ப்பீர்கள்? குறை இருந்தும் அனுப்பச் சொல்லி மேலே இருப்பவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? வேலையை ஏன் விட்டீர்கள்? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள்.

இன்னொரு கேள்வி அவர்கள் கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டா பார்த்தீர்கள்? ஒரு ஸ்டூல்கூடவா இல்லை? நீ வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு டி.வி. பார்ப்பாய். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன், சத்தத்தைக் குறை என்று உன்னைத் திட்டுவேன். நீ உடனே குறைத்துவிடுவாய். அப்போதெல்லாம் நீ எதிர்த்துப் பேசாததை நினைத்தால் இப்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஹேமா


கும்மிடிப்பூண்டி
17 பிப்ரவரி 2025

அக்கா,

ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்களாம்.

பதில்களை எழுதிக்கொள். கழிவுக்குச் சிவப்புப் பெயிண்ட் வைத்துத் தனித் தொட்டியில் போடுவோம். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு உருப்படி. குறையோடு அனுப்பச் சொன்னால், 'எழுதிக் கொடுங்கள் சார், அனுப்புகிறேன்' என்று சொல்ல வேண்டும். ஒருவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இதை நானாகவே கண்டுபிடித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் கல்யாணம் என்று சொல். உன் விஷயத்தில் அது பொய்யும் இல்லை, தேதியும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

உண்மையில் என்ன ஆனது என்று உனக்கு முழுதாக நான் சொன்னதில்லை. அப்போது உனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வண்டியிலிருந்து விழுந்தேன் என்று எல்லோருக்கும் சொன்னோம். வார்ப்பு ஏற்றிய டிராலி பிரேக் நிற்காமல் வந்து என் பாதத்தின் மேல் ஏறியது. என் இ.எஸ்.ஐ. அட்டையும் உன் பெயரில்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, "ஹேமாவதி, ஹேமாவதி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரையோ கூப்பிடுகிறார், அந்தப் பெண் ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நான்கு வருஷம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகியவள். வலியில் எல்லாம் மறந்துபோய் என் பெயர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. நினைவு தப்பிவிட்டது என்று டாக்டரை அழைத்து வந்தார்கள்.

சரி. இனிமேல்தான் கெட்ட செய்தி. ஜோஷ்வா அண்ணன் முந்தாநாள் மெயிலின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். தினமும் வேலை தொடங்கும்போது கேமரா முகத்தைப் பார்த்துதான் உள்ளே விடுமாம். நடுவிலும் பார்க்குமாம். நீ இன்டர்வியூவில் உட்கார்ந்தால், தினமும் நீதான் உட்கார வேண்டும். என் திட்டம் ஒன்றுக்கும் ஆகாது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன், அவசரத்தில் சொல்வதாக நினைக்காதே. நீயே அந்த வேலையை எடுத்துக்கொள், அக்கா. சும்மா சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் சட்டியில் குழி கண்டுபிடித்தவளுக்கு மற்றது ஒரு மாதத்தில் வந்துவிடும். மீதியை நான் சொல்லித் தருகிறேன். எனக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான்கு வருஷம் உன் பெயரில் போனது, அது உனக்காவது உபயோகப்படட்டும்.

வெள்ளிக்கிழமை நெற்றிக்குச் சின்னப் பொட்டாக வை. திரையில் பெரிய பொட்டு மட்டும்தான் தெரிகிறது.

துர்கா


ஆரணி
21 பிப்ரவரி 2025, வெள்ளி, மாலை

துர்கா,

உட்கார்ந்து படி.

ஜோஷ்வா அண்ணன் என் போனுக்கு அனுப்பிய லிங்கில் பதினொரு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர். ஒரு அம்மாள், கண்ணாடி போட்ட ஒருவர். ஆதாரைக் காட்டினேன். சான்றிதழைக் காட்டினேன். எதிரே சுவரோரம் அத்தை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முட்டி வலி என்று இன்று நூறு நாள் வேலைக்குப் போகவில்லை. "நான் பேச மாட்டேன், நீ பாட்டுக்குப் பேசு" என்று சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு படம் காட்டினார்கள். ஒன்பது சரியாகச் சொன்னேன். பத்தாவது படத்தைப் பார்த்து, "இது குழி இல்லை, எண்ணெய்க் கறை, ஓரம் இல்லை" என்றேன். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுவரைக்கும் ஏழு பேருங்க, ஏழு பேரும் இதைத் தள்ளிட்டாங்க. நீங்கதான் சரியாச் சொல்றீங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அந்த வேலை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. நீயே எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். படித்து அழுதேன், அழுதுகொண்டே மனசுக்குள் எங்கேயோ சரி என்றும் சொல்லிவிட்டேன். நான் படித்தவள், எனக்கும் ஒரு வேலை இருந்தால் இந்த வீட்டில் தட்டைச் சத்தமாக வைக்கலாம் என்று நினைத்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அந்த அம்மாள் கேட்டார், "நாலு வருஷம் நல்லா வேலை பார்த்திருக்கீங்க. ஏன் விட்டீங்க?"

கல்யாணம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "டிராலி காலில் ஏறிவிட்டது" என்றேன். "யார் காலில்?" என்றார். "என் தங்கை காலில்."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பதினாறு வயது, என் ஆதார், நைனா, ராஜவேலு, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னேன். "எண்ணெய்க் கறை அவள் சொல்லிக் கொடுத்தது. எனக்குச் சட்டியைத் தவிர ஒன்றும் தெரியாது" என்றேன். அந்த அம்மாள் ஆதாரையும் சான்றிதழையும் மறுபடி காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, வேறு ஒருவர் பெயரில் வந்த விண்ணப்பத்தை ஏற்க முடியாது, ரத்து செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. கண்ணாடிக்காரர்தான் கடைசியில், "பயிற்சியாளர் இடத்துக்கு அனுபவம் தேவையில்லைங்க. படத் தேர்வு மட்டும்தான். உங்க தங்கச்சியை அவங்க பேர்ல போடச் சொல்லுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அத்தை கடலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன தபா நொண்டிக்கினு வந்துச்சே, வண்டில வுழுந்துட்டான்னு சொன்ன, அந்தப் பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "இதுக்காடி மூணு மாசமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்த? நான்கூட இன்னாமோ பெருசா மறைக்கறன்னு பேஜாரா இருந்தேன்" என்றார். உரித்த கடலையில் ஒரு கை அள்ளி என் மடியில் போட்டார். நான் அதைத் தின்றுகொண்டே அழுதேன்.

உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் அத்தையைப் போல இல்லை. முழுதும் கேட்டார், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு காட்டுப்பள்ளித் துறைமுகத்து ஷிப்டுக்குப் போய்விட்டார்.

உன் வேலையை நான்தான் கெடுத்தேன். திட்டு.

ஹேமா


கும்மிடிப்பூண்டி
25 பிப்ரவரி 2025

அக்கா,

திட்டத்தான் எழுதுகிறேன்.

உன்னை யார் கேட்டது? நல்லவளாக இருக்க வேண்டும் என்றால் வேறு நாள் கிடைக்கவில்லையா? ஒன்று நீ அந்த வேலையை வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காரவே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், எழுநூறில் முப்பதாக வந்ததைப் பதினொன்றரை மணிக்குள் அழித்துவிட்டாய். பயிற்சியாளராம். அறுநூறு உருப்படி பார்த்தவள் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். ராஜவேலு சொன்ன அதே வார்த்தை. புது ஆள்.

போடப் போவதில்லை. அம்மா கேட்டால் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

துர்கா


ஆரணி
28 பிப்ரவரி 2025

துர்கா,

நீ திட்டியது நியாயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் பன்னிரண்டில் ஒன்பது. உனக்குப் பன்னிரண்டும் தெரியும். கடைசித் தேதி மார்ச் மூன்று, ஜோஷ்வா அண்ணனுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். அவர் மூன்றாம் தேதி மாலை வரைக்கும் உனக்காக ஒரு கம்ப்யூட்டரைக் காலியாக வைத்திருப்பாராம்.

ஹேமா


கும்மிடிப்பூண்டி
8 மார்ச் 2025

அக்கா,

மூன்றாம் தேதி மாலை ஐந்தேகாலுக்குப் போட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. அண்ணன் அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஒருவரையும் உட்கார விடாமல் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்று கூப்பிட்டார்கள். அதே அம்மாள்தான். உன்னைப் போல மூக்கு எனக்கு என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து நிற்கவில்லை. அண்ணன் துப்பட்டாவை எடுத்து வைத்திருந்தார், தேவைப்படவில்லை.

முதல் கேள்வி, "அனுபவம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. சரிதானா?"

இந்தக் கேள்விக்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. சரி என்று சொன்னால்தான் அந்த இடத்துக்குத் தகுதி. சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் மேசைக்கு அடியில் என் காலைப் பார்த்தேன். கடைசியில், "காகிதத்துல இல்லைங்க மேடம். கண்ல இருக்கு, கால்ல இருக்கு" என்றேன். திமிராகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். அவர், "சரி, படத்தைப் பார்க்கலாம்" என்றார்.

இருபது படம். இருபதும் சரி. பதினேழாவதில் அவர்கள் பாஸ் என்று வைத்திருந்ததில் விரிசல் இருந்தது. நடுங்கிக்கொண்டு போனது. சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஆமாம் என்றார்கள்.

எடுத்துக்கொண்டார்கள், அக்கா. மார்ச் 17, திங்கட்கிழமை சேர வேண்டும். ஆறு மாதம் பயிற்சி. அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், "எம்பொண்ணு ஊட்ல உக்காந்துக்கினே கோயம்புத்தூர்ல வேலை செய்யப் போறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

சேருவதற்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் 'முன்பு செய்த வேலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த அம்மாளிடம் என்ன போடட்டும் என்று கேட்டேன். "உண்மையை எழுதுங்க. தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா சேர்த்து வைங்க. சான்றிதழா எடுத்துக்க முடியாது, ஆனா உங்க கோப்புல இருக்கும்" என்றார்.

காலியாக விட்டு அனுப்பப் போகிறேன். உன்னைக் கேட்கவில்லை. மாமா இன்னும் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொன்னாள். அங்கே நீ இருக்க வேண்டிய வீடு, அதில் மறுபடி என் காகிதம் வர வேண்டாம். திட்டி எழுதியதற்கு மன்னித்துவிடு. கால் பற்றிச் சொன்னதையும் இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ மிதிக்கவில்லை.

துர்கா


ஆரணி
12 மார்ச் 2025

துர்கா,

காலியாக விடாதே.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. திங்கட்கிழமை கடிதம் வந்ததும் எழுதினேன். 'ஹேமாவதி ஆகிய நான் எழுதித் தருவது. என் பெயரில் உள்ள நான்கு ஆண்டு வேலையில் நான் ஒரு நாளும் செய்யவில்லை. அதில் மூன்று வருஷம் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை முழுவதையும் செய்தவள் என் தங்கை. அந்த வேலையில்தான் அவள் கால் அடிபட்டது. நான் படித்த மூன்று வருஷமும் அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.' கடைசி வரி கம்பெனிக்குத் தேவையில்லை என்று தெரியும். இருக்கட்டும்.

எழுதிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படியே வைத்துவிட்டேன். புடவைக்கு அடியில் இனி எதையும் வைக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உன் மாமா ஷிப்டு முடிந்து வந்து எடுத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். நான் சோற்றைப் பரிமாறாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"இதுல எந்த மாசம், எந்த வருஷம்னு போடலியே" என்றார்.

மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. ஜூன் 2018 முதல் ஆகஸ்ட் 2022 வரை என்றேன். "நாலு வருஷம் நின்னிருக்கு அந்தப் பொண்ணு. தேதிகூட இல்லாம எழுதற" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் தேதிகளை அவரே ஓரத்தில் எழுதினார். கீழே சாட்சி என்று போட்டுக் கையெழுத்தும் போட்டார். அத்தை தானும் போடுவேன் என்று அடம்பிடித்து, செங்கம்மாள் என்று எழுத்துக் கூட்டிக் கால் பக்கத்தை நிரப்பிவிட்டார். அதனால் தாள் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது, பரவாயில்லை.

என் கையெழுத்தும் இருக்கிறது. 'அந்த வேலை முழுவதையும் செய்தவள் என் தங்கை' என்ற வரியில், தங்கை என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். நானே எழுதியிருப்பேன். ஆனால் உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இதுவரை என் பெயர் இருந்தது போதும்.

அங்கே உன் பெயரை நீ எழுது.

ஹேமா